வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தங்கம், வெள்ளிப் பளபளப்பு கொண்டுவருவது எப்படி?

கேள்வி இது: வீட்டில் ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் இருக்கிறது. புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் பெயர்களும் ஓரக்கரையும் தங்கமாக மின்ன வேண்டும். மெட்டாலிக் இங்க் வாங்கி டேங்கில் ஊற்றினால் வருமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

டேங்கில் எதையும் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் ஹெட், அதாவது மையைத் தெளிக்கும் பகுதி, போய்விடும். ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற வழிகளும் தானாகப் புரியும்.

இங்க்ஜெட் ஹெட்டில் இருக்கும் துளையின் அகலம் ஏறக்குறைய 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன் வழியாகப் போகும் பிக்மெண்ட் மையின் நிறத்துகள் 0.1 மைக்ரான் அளவில்தான் இருக்கும். கைவினைக் கடைகளில் தங்கப்பொடி, முத்துப்பொடி என்று விற்கும் மைக்கா துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 60 மைக்ரான். துளையைவிடப் பெரிய துகள் துளைக்குள் போகாது. சரி, பொடியை இன்னும் நைசாக அரைத்துவிட்டால்? உலோகப் பளபளப்பு என்பது தட்டையான துகள்கள் படுத்துக்கொண்டு ஒளியை ஒரே திசையில் திருப்புவதால் வருவது. துகள் சிறிதாகச் சிறிதாக ஒளி நாலாபக்கமும் சிதறும். கண்ணுக்கு வெறும் சாம்பல் நிறம்தான் தெரியும். அலுமினியத்துக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள். தண்ணீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி என்பதால் டேங்கின் அடியில் படிந்துவிடும். போதாததற்கு, நீர் கலந்த மையில் அலுமினியப் பொடி வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

ரோலண்ட், எப்சன் போன்ற நிறுவனங்கள் வெள்ளி நிற மெட்டாலிக் மையை விற்றிருக்கின்றன. ஆனால் அவை பேனர், ஸ்டிக்கர் அடிக்கும் பெரிய சால்வெண்ட் (தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பான் கலந்த மை) இயந்திரங்களுக்கானவை. மை படிந்துவிடாமல் குலுக்குவதற்கோ சுழற்றுவதற்கோ தனி ஏற்பாடு வேண்டும். வீட்டு பிரிண்டருக்கு என்று யாராவது மெட்டாலிக் கோல்ட் மை விற்றால், பாட்டிலை ஒருநாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வண்டல் தெரிந்தால் அது ஹெட்டை அடைக்கும். வண்டலே இல்லாமல் தெளிவாக இருந்தால் அது மஞ்சளும் பழுப்பும் கலந்த சாதாரணச் சாயம். இரண்டுமே வேலைக்கு ஆகாது. (உண்மையான உலோகத்தை வீட்டு இங்க்ஜெட் வழியாக அனுப்பியவர்களும் உண்டு. டோக்கியோ பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வாளர்கள் 2013இல் மிட்சுபிஷியின் வெள்ளி நானோத்துகள் மையைச் சாதாரண பிரதர் பிரிண்டரில் போட்டு மின்சுற்றுகளை அச்சிட்டார்கள். கிளாஸி ஃபோட்டோ பேப்பர் போன்ற பூச்சுள்ள தாளும் தேவைப்பட்டது. நோக்கம் மின்சாரம் கடத்துவது. அழகுக்கான வழி அது இல்லை.)

ஆக, பளபளப்பைத் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் பிரிண்டரில் இருக்கும் மை ஒளி ஊடுருவும் மை. வெள்ளைத் தாளில் அடித்தால் தாளின் வெண்மைக்கு நிறம் ஏறுகிறது. வெள்ளித் தாளில் அடித்தால் வெள்ளியின் மினுக்கத்துக்கு நிறம் ஏறும். சாக்லேட்டைச் சுற்றிவரும் தங்கத் தாளும் இப்படித்தான்: அலுமினியத்தின் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சள் பூச்சு. வெள்ளி அடித்தளத்தில் மஞ்சளும் கொஞ்சம் மெஜந்தாவும் விழுந்தால் அது தங்கம்.

வாங்க வேண்டியது இங்க்ஜெட் பூச்சு உள்ள சில்வர் ஷீட். ஏ4 அளவில் ஸ்டிக்கராகவும், ஒட்டாத ஃபிலிமாகவும் கிடைக்கிறது. பூச்சு இருக்கிறதா என்பதுதான் முக்கியம். விரல் நுனியை லேசாக ஈரமாக்கி ஓர் ஓரத்தில் அழுத்தி எடுங்கள். பூச்சு உள்ள பக்கம் பிசுபிசுவென்று ஒட்டும். ஒட்டாமல் ஈரம் முத்துமுத்தாக நின்றால் அது லேசருக்கோ ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கோ உரிய தாள். அதில் இங்க்ஜெட் மை எத்தனை நாளானாலும் காயாது, தொட்டால் வழித்துக்கொண்டு வரும். பத்திரிகைக் கடைகளில் கிடைக்கும் மினுக்கு அட்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கட்டாக வாங்கும் முன் ஒரு ஷீட் வாங்கிச் சோதித்துவிடுங்கள்.

வெள்ளி, தங்கம் இரண்டும் கடையில் இருந்தால் வெள்ளியையே எடுங்கள். வெள்ளியின் மேல் எந்த நிறமும் ஏறும். தங்க ஷீட்டில் சயான் பச்சையாகிவிடும், நீலம் அழுக்குச் சாம்பலாகிவிடும். சிவப்பு, பழுப்பு, கரும்பச்சை, கறுப்பு மட்டும்தான் ஒழுங்காக நிற்கும்.

அடுத்து டிரைவர் அமைப்பு, அதாவது பிரிண்டரை இயக்கும் கணினி மென்பொருளில் செய்ய வேண்டியது. தாள் வகையில் கிளாஸி ஃபோட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுங்கள். சாதாரணத் தாள் என்று விட்டுவிட்டால் ஒரு தொல்லை வரும்: கேனான் ஜி வரிசை, எச்பி ஸ்மார்ட் டேங்க் போன்றவற்றில் கறுப்பு மட்டும் பிக்மெண்ட் மை (துகள்கள் மிதக்கும் மை), மற்ற மூன்றும் டை மை (கரைந்த சாயம்). அந்தப் பிக்மெண்ட் கறுப்பு பளபளப்பான பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே புழுதிபோல் உட்கார்ந்துகொண்டு, விரல் பட்டால் கலைந்துவிடும். கேனானில் ஃபோட்டோ பேப்பர் அமைப்பில் அந்தக் கறுப்பைத் தொடாமல் மூன்று நிற மைகளைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். பிரிண்டர் முழுவதுமே டை மை என்றால் இந்தக் கவலை இல்லை. இந்த வேலைக்கு டை மைதான் நல்லது. பிக்மெண்ட் துகள் ஒளியைக் கொஞ்சம் சிதறடித்து அடியிலிருக்கும் மினுக்கத்தை மங்கலாக்கும்.

அதிவேக அச்சை அணைத்து, தரத்தை உயர்வில் வையுங்கள். ஒவ்வொரு ஷீட்டாகப் பின்பக்கத் தட்டில் கொடுங்கள். முன்பக்கத் தட்டு உள்ள பிரிண்டர்களில் தாள் உள்ளே வளைந்து திரும்பி வரும். ஃபிலிம் தாள் அந்த வளைவில் மடிப்பு விழுந்து பூச்சு வெடிக்கும். தாளை எடுத்துவிட்டு அச்சிடாமலே வெளியே தள்ளினால் உள்ளே இருக்கும் ஒளி சென்சார் கண்ணாடி மாதிரியான பரப்பைப் பார்த்துக் குழம்புகிறது என்று அர்த்தம். ஷீட்டின் முன்னோரத்தில், பின்பக்கமாக, 1 செ.மீ. அகல வெள்ளைத் தாள் பட்டையை ஒட்டி, அது 5 மி.மீ. வெளியே தெரியும்படி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாளின் அகலத்தைச் சரிபார்க்கும் தேர்வு உங்கள் டிரைவரில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நிறங்களுக்கு வருவோம். வீட்டு பிரிண்டர் டிரைவர் ஆர்ஜிபி எண்களைத்தான், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் வரும் மூன்று எண்களைத்தான், எதிர்பார்க்கிறது. அச்சகங்கள் பயன்படுத்தும் சிஎம்ஒய்கேயில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) வடிவமைத்தாலும் அது மாற்றிக்கொண்டுதான் அச்சிடும். வெள்ளி ஷீட்டுக்கு இங்கிருந்து தொடங்கலாம்:

தங்கம்: 255, 215, 90
பழந்தங்கம்: 225, 165, 60
செம்பு: 225, 140, 90
ரோஸ் கோல்ட்: 240, 180, 165
வெள்ளி: 255, 255, 255, அதாவது அந்த இடத்தில் மையே விழக்கூடாது

இவை தொடக்கப் புள்ளிகள்தான். மையும் ஷீட்டும் மாறினால் எண்ணும் மாறும். கால் ஷீட்டில் ஒரு செ.மீ. சதுரங்களாக, பச்சை எண்ணை மட்டும் 10, 10ஆகக் குறைத்துக்கொண்டே போய் ஒரு பட்டை அடியுங்கள். பச்சை எண் குறையக் குறைய மெஜந்தா ஏறும், தங்கம் செம்பை நோக்கி நகரும். காய்ந்தபின் ஜன்னலோரம் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். குழல்விளக்குக்கு நேர் கீழே பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கணினியில் தங்கம் காட்டப் பயன்படுத்தும் பழுப்பு-மஞ்சள் கிரேடியண்ட்டை இந்த ஷீட்டில் போடவே போடாதீர்கள். ஒளியும் நிழலும் ஷீட்டே கொடுக்கிறது. அதன் மேல் வரைந்த நிழல் விழுந்தால் அழுக்குப் படிந்த பித்தளைபோல் இருக்கும். தட்டையான ஒரே நிறம்தான் இங்கே ஜொலிக்கும்.

இதில் பலர் தவறவிடும் ஒரு சாத்தியம் இருக்கிறது. கருஞ்சிவப்புப் பின்னணியில் தங்க எழுத்து வேண்டுமென்றால் ஃபாயிலே (சூட்டில் ஒட்டும் உலோகப் படலம்) தேவையில்லை. முழுத் தாளும் சில்வர் ஷீட்டாக இருக்கட்டும். பின்னணியை 90, 10, 25 போன்ற அடர்நிறத்தில் நிரப்புங்கள். எழுத்துக்கு மேலே சொன்ன தங்க எண். அடர்த்தியாக மை விழுந்த இடத்தில் அடியிலிருக்கும் வெள்ளி ஏறக்குறைய மறைந்து பட்டுபோல் மங்கும். லேசாக விழுந்த எழுத்து மட்டும் பளிச்சென்று மின்னும். கையில் வாங்குபவர் ஃபாயில் ஒட்டியது என்றே நினைப்பார்.

ஆனால் அடர்நிறத்துக்கு நடுவே விட்ட எழுத்துக்குள் மை கசியும். கோடு 0.5 மி.மீ.க்கு மெலிந்தால் அடைபட்டுவிடும். தமிழ் எழுத்தில் இது சீக்கிரம் கண்ணில் படும்: ணகரத்தின் சுழிகள், ஞகரத்தின் உள்வளைவு, இகரக் குறியின் மெல்லிய நுனி எல்லாம் முதலில் மூடிக்கொள்ளும். தடித்த எழுத்துருவாக, 14 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். எழுத்தைச் சுற்றி அதே தங்க நிறத்தில் 0.2 மி.மீ. கோடு சேர்த்தால் கசிவுக்கு ஈடாகிவிடும். முகவரி, தொலைபேசி எண் போன்ற பொடி எழுத்துகளை வெளிர்நிறப் பகுதியில் கறுப்பில் போட்டுவிடுங்கள்.

முகங்கள் உள்ள புகைப்படத்தை வெள்ளி ஷீட்டில் அடிக்காதீர்கள். வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கண்ணின் வெண்மை, பல், நெற்றியில் விழும் ஒளி எல்லாம் கண்ணாடியாக மாறி, ஒரு கோணத்தில் வெளுத்தும் இன்னொரு கோணத்தில் சாம்பலாகவும் தெரியும். படத்துக்கு என்றே மெட்டாலிக் பேர்ல் ஃபோட்டோ பேப்பர் இருக்கிறது, சுமார் 255, 260 ஜிஎஸ்எம் கனத்தில். அதன் வெண்மை முத்துபோல இருக்கும். நகை, வண்டி, நீர்ப்பரப்பு, இரவு விளக்குகள் உள்ள படங்களுக்கு அது பிரமாதமாகப் பொருந்தும்.

அச்சிட்டபின் அவசரம் கூடாது. அடர்நிறப் பின்னணி என்றால் 24 மணி நேரம் தனித்தனியாகப் பரப்பிக் காயவிடுங்கள்; ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேல்தாளின் முதுகு நிறத்தை உரித்தெடுத்துவிடும். அச்சின் குறுக்கே வரிசையாகப் புள்ளிப் புள்ளியாகத் தடம் தெரிந்தால் அது தாளை வெளியே தள்ளும் முள்சக்கரங்களின் வேலை. மை அளவுக்கு மீறி விழுகிறது என்பதன் அறிகுறி அது. டிரைவரில் அடர்த்தியைக் குறையுங்கள், அல்லது பின்னணி நிறத்தைச் சற்று வெளிறச் செய்யுங்கள். டை மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும் என்பதால் மேலே பாதுகாப்பு வேண்டும். சூடில்லாமல் ஒட்டும் தெளிவான கோல்ட் (cold) லேமினேஷன் ஃபிலிம் பாதுகாப்பானது. அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே என்றால் 25, 30 செ.மீ. தள்ளி நின்று மூன்று மெல்லிய பூச்சு. முதல் பூச்சையே நனையும்படி அடித்தால் நிறம் கலைந்து ஓடும். கிளாஸி (பளபளப்பு) ரகம் மட்டும் வாங்குங்கள். மேட் வார்னிஷ் மொத்த மினுக்கத்தையும் கொன்றுவிடும்.

இதுவரை சொன்னதில் முழுத் தாளும் உலோகம். ஒரு சின்னமோ பெயரோ மட்டும் மின்ன வேண்டும், மற்ற இடமெல்லாம் சுத்த வெள்ளை வேண்டும் என்றால் இரண்டு வழிகள்.

முதல் வழி முழுக்க இங்க்ஜெட்டிலேயே முடிவது. இங்க்ஜெட்டுக்கான ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஃபிலிம்) வடிவமைப்பைக் கண்ணாடிப் பிம்பமாக, இடவலம் மாற்றி, பூச்சுள்ள சொரசொரப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஓர் இரவு காயட்டும். அச்சிட்ட பக்கத்தைக் கீழே வைத்தால் படம் நேராகத் தெரியும், மை ஃபிலிமுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். இப்போது மின்ன வேண்டிய இடத்துக்குப் பின்னால் மட்டும் வெள்ளி ஸ்டிக்கரை வெட்டி ஒட்டி, மொத்தத்துக்கும் பின்னால் வெள்ளை அட்டையை வையுங்கள். மையின் அடியில் வெள்ளி இருக்கும் இடம் உலோகம், வெள்ளை இருக்கும் இடம் சாதாரண அச்சு. வெட்டிய வெள்ளியின் ஓரம் தெரியுமே என்றால், அதை வடிவமைப்பிலேயே தீர்க்கலாம்: சின்னத்தைச் சுற்றி 3 மி.மீ. கறுப்போ கருநீலமோ வரும்படி வரைந்து, வெள்ளியை அந்தக் கரையின் நடுவில் முடியும்படி வெட்டுங்கள். அடர்நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பெயர்ப் பலகை, கொலு படியில் வைக்கும் அட்டை, பரிசு கேடயத்தின் முகப்பு போன்றவற்றுக்கு இது அருமையாக இருக்கும். ஒட்டும்போது ஒரு விளிம்பிலிருந்து தொடங்கி, பழைய ஏடிஎம் கார்டால் தேய்த்துக்கொண்டே வாருங்கள். நடுவில் காற்றுக் குமிழ் மாட்டினால் அந்த இடம் மங்கிவிடும். திரவப் பசை வேண்டாம், மை கரையும்.

இரண்டாவது வழிக்கு ஜெராக்ஸ் கடையின் உதவி வேண்டும். டோனர் ஃபாயில் என்று விற்கும் சுருளில் பாலியெஸ்டர் தாளின் மேல் நிறப்பூச்சு, அலுமினியப் படலம், பசை என்று அடுக்குகள் இருக்கும். சூட்டில் அந்தப் பசை உருகிய டோனரைப் பிடித்துக்கொள்ளும். லேசர், ஜெராக்ஸ் இயந்திரங்களில் மையாகப் பயன்படும் டோனர் பிளாஸ்டிக் பொடி என்பதால்தான் இது நடக்கிறது. இங்க்ஜெட் மையில் உருகுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் அதன் மேல் ஃபாயில் ஒட்டாது.

வழுவழுப்பான, பூச்சில்லாத 160 முதல் 220 ஜிஎஸ்எம் அட்டையில் மின்ன வேண்டிய பகுதியை மட்டும் முழுக் கறுப்பில் லேசர் அச்சு எடுங்கள். சாம்பல் வேண்டாம், சாம்பல் என்பது புள்ளிகளாக அச்சாவது, ஃபாயிலும் புள்ளிப் புள்ளியாகவே ஒட்டும். டோனர் சேமிப்பை அணைக்கச் சொல்லுங்கள். ஃபாயிலின் தங்க முகம் மேலே தெரியும்படி வைத்து, மடித்த சாதாரணத் தாளுக்குள் செருகி, 120 முதல் 140 டிகிரியில் லேமினேஷன் மெஷினில் விடுங்கள். ஆறியபின், தாளோடு படிந்தாற்போல் மெதுவாக உரியுங்கள். சூடாக இருக்கும்போதே உரித்தால் ஃபாயிலோடு டோனரும் வந்துவிடும். எழுத்தில் திட்டுத்திட்டாக விடுபட்டிருந்தால் சூடு போதவில்லை. அதே ஃபாயிலின் பயன்படாத பகுதியை வைத்து இன்னொரு முறை விடலாம். எழுத்துக்கு வெளியிலும் பொன்துகள் ஒட்டியிருந்தால் சூடு அதிகம், அல்லது லேசர் பிரிண்டரின் டிரம் பழையதாகிப் பின்னணியில் டோனர் தூவுகிறது. மெஷின் இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில், நீராவி இல்லாமல், மேலே ஒரு தாள் வைத்து அழுத்தி எடுக்கலாம். இழுத்துத் தேய்க்கக் கூடாது, ஃபாயில் சுருங்கிவிடும்.

வண்ணமும் வேண்டுமென்றால் வரிசை முக்கியம்: முதலில் லேசர், பிறகு ஃபாயில், கடைசியில் இங்க்ஜெட். இங்க்ஜெட் கிளாஸி தாளை லேசர் பிரிண்டருக்குள் அனுப்பினால் டோனரை உருக்கும் ஃப்யூசரின் சூட்டில் பிளாஸ்டிக் பூச்சு உருகி உருளையில் சுற்றிக்கொள்ளும். ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் பெரிய செலவு. கடைசியாக இங்க்ஜெட் அடிக்கும்போது ஃபாயில் மேல் மை விழாதபடி அந்த இடத்தை வெள்ளையாக விடுங்கள். இரண்டு இயந்திரங்களும் தாளை ஒரே மாதிரி இழுக்காது. 1, 2 மி.மீ. விலகும். அதனால் தங்க எழுத்தை வண்ணக் கரைக்குள் நெருக்கமாகப் பொருத்தும் வடிவமைப்பைத் தவிர்த்து, நடுவில் 2 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். இரண்டு அச்சுக்கும் தாளின் ஒரே விளிம்பை முதலில் கொடுங்கள்.

ஐம்பது பத்திரிகைக்குள் என்றால் இந்த வழி சரி. அதற்குமேல் போனால் கை ஓய்ந்துவிடும். ஃபாயிலை மட்டும் அச்சகத்தில் அச்சுக்கட்டை வைத்துப் போடச் சொல்லிவிட்டு, வண்ணத்தை வீட்டில் அடித்துக்கொள்ளுங்கள்.

எம்போசிங் பொடியைப் பற்றியும் கேட்பார்கள். ஈர மையின் மேல் தூவி, ஹீட் கன்னால் உருக்கினால் மேடாக மின்னும். ஆனால் இன்றைய இங்க்ஜெட் தாளில் மை உடனே உள்ளே இறங்கிவிடுவதால் பொடி பிடிக்காது. டிரேசிங் பேப்பரில் அடித்தால் மை சில நிமிடம் ஈரமாக நிற்கும், அப்போது தூவலாம். எழுத்தின் ஓரம் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் வரும். சிறு வாழ்த்து அட்டைக்குப் போதும்.

வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை என்றால் காகிதத்தை விட்டுவிட்டு சப்ளிமேஷனுக்குப் போங்கள். அந்த மை சூட்டில் ஆவியாகி பாலியெஸ்டர் பூச்சுக்குள் இறங்கும். வெள்ளைப் பூச்சு இல்லாத, தெளிவான பூச்சு மட்டும் உள்ள வெள்ளி அலுமினியத் தகடு வாங்கினால் நிறத்துக்கு அடியில் உண்மையான உலோகம் தெரியும். அதற்கென்று தனி பிரிண்டர் வேண்டும். சாதாரண மை ஓடிய டியூபில் சப்ளிமேஷன் மையை ஊற்றினால் இரண்டும் கலந்து நிறமே தாறுமாறாகும். தகட்டின் மேலிருக்கும் பாதுகாப்புத் தாளை முதலில் உரித்துவிடுங்கள். மறந்தால் அது உருகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், தகடு வீண். இடவலம் மாற்றி அச்சிட்ட தாளைச் சூடு தாங்கும் டேப்பால் ஒட்டி, ஹீட் பிரஸ்ஸில் 200 டிகிரி, 60 முதல் 75 வினாடி, நடுத்தர அழுத்தம். எடுத்தவுடன் தாளை ஒரே இழுப்பில் நீக்கிவிடுங்கள். ஆறும்வரை விட்டால், தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் இரட்டை நிழல் விழும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் நிறம் சீக்கிரம் வெளுக்கும், அதனால் தாழ்வாரத்து நிழலில் இடம் பாருங்கள்.